மறு: புரோபேட்டைத் திரும்பப் பெறுவதற்குத் தமிழ்ச்சொல் – ‘உயில் ரத்து’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம். உயில் உண்மையானது என்று நீதிமன்றம் கொடுக்கும் சான்றான புரோபேட்டை, அதே நீதிமன்றம் திரும்பப் பெறுவதற்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்று பேசி வருகிறோம். வந்த யோசனைகளில் ஒன்று:

> ‘உயில் ரத்து’ என்றே போட்டுவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரிந்துவிடும். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்போது தன் உயிலைத் தானே ரத்து செய்யலாம். இன்னொரு உயில் எழுதலாம், பழையதைக் கிழித்துப் போடலாம், எரித்தும் விடலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில் ரத்துப் பத்திரம் என்று பதிவாவதும் இதுதான். நாம் சொல் தேடுவதோ அவர் போனபின் நடக்கும் ஒன்றுக்கு. உயில் உண்மையானது என்று நீதிமன்றம் ஏற்று, உயிலை நிறைவேற்றும் பொறுப்புள்ள நிறைவேற்றுநரிடம் முத்திரையிட்ட மெய்ப்பிதழை, அதாவது புரோபேட்டை, கொடுத்துவிட்டது. அப்புறம் ஒரு வாரிசு வந்து, “எனக்குத் தெரியாமலே வாங்கிவிட்டார்கள்” என்கிறார். நீதிமன்றம் தான் கொடுத்ததைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை.

இங்கே விழுவது மெய்ப்பிதழ். உயிலும் கூடவே விழுந்தாக வேண்டும் என்பதில்லை. கையெழுத்து போலி என்று தெரிந்தால் இரண்டும் போகும், சரி. ஆனால் வாரிசுக்கு அறிவிப்பே போகவில்லை என்பதற்காக மெய்ப்பிதழ் ரத்தானால், அதே உயிலை எல்லோர் முன்னிலையிலும் சாட்சி வைத்து மறுபடி மெய்ப்பிக்கலாம். அது நிலைத்தும் விடலாம். ‘உயில் ரத்து’ என்று தீர்ப்புச் சுருக்கத்தில் படிக்கிற வாரிசுப் பெண், உயிலே ஒழிந்தது, சொத்தில் தன் பாகம் வந்துவிட்டது என்று நம்பிவிடுவார். ஒரு சொல்லால் அவருக்கு அந்த ஏமாற்றம் வரக்கூடாது.

ஆகவே என் முன்மொழிவு ‘மெய்ப்பிதழ் ரத்து’. ‘ரத்து’ தமிழ் இல்லையே என்று சிலர் தயங்குவது தெரிகிறது. நீதிமன்ற வராந்தாவில் வக்கீலும் குமாஸ்தாவும் கட்சிக்காரரும் சொல்வது அதைத்தான். குழப்பம் சொல்லின் முன்பாதியில் இருக்கும்போது பின்பாதியை மாற்றி என்ன பயன்? ‘மெய்ப்பிதழ் மீட்பு’ என்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. அடமானத்தை மீட்கிறோம், நகையை மீட்கிறோம். மீட்டது நம் கையில் பயனோடு இருக்கும். ரத்தான மெய்ப்பிதழை வைத்திருக்கவே கூடாது, நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.

> ‘மேல்முறையீடு’ என்பதிலேயே இது அடங்காதா?

அடங்காது. மேல்முறையீடு மேல் நீதிமன்றத்துக்குப் போகும். கீழே பதிவான சாட்சியத்தை வைத்துத் தீர்ப்பு தவறு என்று வாதாடுவது அது. ரத்து மனு, கொடுத்த நீதிமன்றத்திலேயே போடப்படுகிறது. முதல் விசாரணையில் வந்திராத ஆளும், பிறகு கிடைத்த இன்னொரு உயிலும் இப்போது உள்ளே வரலாம்.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 263ஆம் பிரிவு ‘ரத்து செய்யலாம்’ என்பதோடு ‘செல்லாததாக்கலாம்’ என்பதையும் சேர்த்தே சொல்கிறது. தலைச்சொல்லாக இரண்டாவதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. செல்லாதது என்றால் ஆரம்பத்திலிருந்தே இல்லாதது என்று தோன்றும். ஆனால் 297ஆம் பிரிவின்படி, மெய்ப்பிதழை நம்பி ரத்துக்கு முன் நல்லெண்ணத்தோடு நிறைவேற்றுநரிடம் பணம் கொடுத்தவருக்கு அந்தக் கடன் தீர்ந்ததுதான். வைப்புத்தொகையைக் கொடுத்துவிட்ட வங்கி மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. ‘ரத்து’ இந்த நிலைமைக்கு இடம் கொடுக்கிறது.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது, இன்னும் யாரும் தொடவில்லை. ரத்துக்கு அடிப்படையாகச் சட்டம் கேட்கும் காரணத்தை நாம் ‘நியாயமான காரணம்’ என்று எழுதி வருகிறோம். அதே 263இன் விளக்கத்தில் (ஈ) வரை வந்து (உ) பத்தியைப் பாருங்கள்: நிறைவேற்றுநர் சொத்துப் பட்டியலையோ கணக்கையோ வேண்டுமென்றே, நியாயமான காரணமின்றித் தாக்கல் செய்யாமல் விட்டால் என்று வருகிறது. ஆங்கில மூலத்தில் இவை இரண்டு வேறு சொற்கள் (just cause, reasonable cause). முதலாவது, நீதிமன்றம் தன் ஆணையையே எடுக்கும் அளவுக்குக் கனமான காரணம். எவை அந்தக் கனம் உடையவை என்று சட்டமே ஐந்து வகை சொல்கிறது. இரண்டாவது, நிறைவேற்றுநர் தன் தாமதத்துக்குச் சொல்லும் சமாதானம். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் பிரிவே தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும். முன்னதற்குத் ‘தகுகாரணம்’, பின்னதற்கு ‘நியாயமான காரணம்’ என்று பிரித்துவிடலாம்.

தகுகாரணம் என்பது எடைபோட்டுப் பார்க்கும் பொருளையும் தருகிறது. அறிவிப்பு போகாதது ஒன்றே எல்லா வழக்கிலும் போதாது என்று 1955லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குறை இருந்தது என்பதோடு, அது நடவடிக்கையின் உயிர்நிலையைத் தொட்டதா என்றும் நீதிபதி பார்ப்பார்.

அந்த அறிவிப்புக்குச் சிலர் ‘அழைப்பாணை’ என்று எழுதியிருந்தீர்கள். வராவிட்டால் தண்டனை என்பது இதில் இல்லை. சொத்தில் உரிமை கோருகிறவர்கள் வந்து நடவடிக்கையைப் பார்க்கலாம் என்றுதான் 283ஆம் பிரிவு கூப்பிடுகிறது. ஆணை என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘அழைப்பறிவிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா? மாற்றுக் கருத்து உள்ளவர்கள், தங்கள் சொல்லை 263ஆம் பிரிவின் முழு வாக்கியத்தில் பொருத்தி எழுதி அனுப்புங்கள். தனிச்சொல்லாக அழகாக இருப்பது வாக்கியத்துக்குள் போனதும் இடறுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.