டல்சா டைம்: எங்கே, எப்படிக் கேட்டீர்கள்?

ஓக்லஹோமாவாசி:
எங்கள் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் கெய்ன்ஸ் பால்ரூம் தெரியும்தானே, தரைக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த பழைய நடன அரங்கு. போன குளிர்காலத்தில் ஓர் உள்ளூர்க் குழு அங்கே 'டல்சா டைம்' பாட்டை வாசித்தது, கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய வகை) பாடகர் டான் வில்லியம்ஸ் பாடிய அதே நிதானத்தில். பாண்டியாக் காரில் ஊரை விட்டுக் கிளம்பியவன் ஹாலிவுட்டில் சீந்துவாரில்லாமல் நின்று, கடிகாரத்தை மறுபடி டல்சா நேரத்துக்கே திருப்பி வைக்கிறான் இல்லையா, அந்த இடம் வந்ததும் மொத்தக் கூட்டமும் காலைத் தட்டியது. பாதத்துக்குக் கீழே தரை இறங்கி ஏறியது. கையிலிருந்த பீர் தளும்பி விரலெல்லாம் நனைந்தது. அதற்கப்புறம் இங்கிலாந்து கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் இதே பாட்டைப் பாடியதைக் கேட்டால் எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஊர் திரும்புகிறவனின் ஏக்கம் அந்த வேகத்தில் எங்கே இருக்கிறது?

லண்டன் ராகவன்:
ஏக்கம் இல்லை என்பதை ஏற்கவே முடியாது சார். 1979 டிசம்பரில் டோக்கியோ புடோகான் அரங்கில் மேடையிலேயே பதிவான கிளாப்டனின் 'ஜஸ்ட் ஒன் நைட்' தொகுப்பின் முதல் பாட்டே இதுதான். நான் கேட்டது இங்கே ஒரு பப்பில். வாசித்த பெரியவர் பாதியில் கம்பி அறுந்தும் நிறுத்தவில்லை. தொங்குகிற கம்பியோடு மீதி ஐந்தில் தனியாவர்த்தனம் வாசித்து முடித்தார். அவர் முகத்தில் இருந்தது ஊருக்குப் போயே தீர வேண்டும் என்கிற அவசரம். அதுவும் ஏக்கம்தான். 1980-இல் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 30-ஆம் இடம் வரை போனதும் அந்தப் புடோகான் வடிவம்தான்.

தட்டுப்பித்தன்:
இரண்டு பேருமே கிளாப்டன் இதை முதலில் பதிவு செய்த 1978-இன் 'பேக்லெஸ்' தொகுப்பை விட்டுவிட்டீர்களே! டல்சாவில் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில் நான் புடோகானைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. 'பேக்லெஸ்' தட்டை எடுத்து, இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு, லேபிளை ஒட்டிய வரிகளுக்கு, ஊசியை நகர்த்தி வைத்தார். டிரெபிளை, அதாவது உச்ச ஒலிகளை, முழுக்கக் குறைத்துவிட்டு ஸ்பீக்கரை நோக்கி விரலை நீட்டினார். பேஸ் கிடார் மட்டும் கேட்டது. வாசித்தவர் கார்ல் ரேடில்.

அந்த 1978 பதிவில் பேஸ் ரேடில், கீபோர்டு டிக் சிம்ஸ், டிரம்ஸ் ஜேமி ஓல்டேக்கர். மூவருமே டல்சாக்காரர்கள். 1979-இல் கிளாப்டன் அந்தக் குழுவையே மாற்றிவிட்டார். புடோகானில் பின்னால் நின்ற அத்தனை பேரும் பிரிட்டன்காரர்கள். அவர்களில் கிடார் வாசித்த ஆல்பர்ட் லீ கன்ட்ரி வாசிப்பில் சூரர், மறுக்கவில்லை. ஆனால் டல்சா பெயரைச் சொல்லிப் பிரபலமான பதிவில் டல்சாக்காரர் ஒருவர்கூட இல்லை. 1980 மே மாதம் ரேடில் இறந்தே போனார், வயது 37. ராகவன் சார், அந்த 30-ஆம் இடத்தைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

மெட்ரோநோம்:
எழுதியவரை ஒருவரும் சொல்லவில்லையே. டேனி ஃபிளவர்ஸ், டான் வில்லியம்ஸ் குழுவின் கிடார்காரர். டல்சா ஹோட்டலில் பனியில் மாட்டிக்கொண்ட நேரத்தில் எழுதினார். டான் வில்லியம்ஸ் பாடியது 1979 தொடக்கத்தில் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். என் அனுபவம் சின்னது: நண்பர் வீட்டு மொட்டைமாடியில் நான் வாசித்தபோது, இங்கிலீஷ் பாட்டே கேட்காத அவருடைய அப்பா நாற்காலிக் கையில் சரியாகத் தாளம் போட்டார்.

இதைக் கற்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். பாட்டு மொத்தத்துக்கும் இரண்டே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). ஈ-யில் தொடங்கினால் அடுத்தது பி செவன், அவ்வளவுதான். அதனால்தான் கஷ்டம், ஒளிந்துகொள்ள இடமே இல்லை. முதலில் கட்டைவிரலால் கீழ்ஸ்தாயிக் கம்பிகளை மட்டும் மாற்றி மாற்றி மீட்டுங்கள், உள்ளங்கை ஓரம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் லேசாகப் படட்டும். பி செவனுக்குப் போகும்போது ஓடாதீர்கள், எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். காலால் தாளம் தட்டிக்கொண்டே பேச முடிகிற அளவு பழகிய பிறகு பாடத் தொடங்கலாம். சோலோவைப் பற்றி அதுவரை நினைக்கவே வேண்டாம்.

ஓக்லஹோமாவாசி:
தட்டுப்பித்தன், அந்தக் கடை எந்தத் தெருவில்? சனிக்கிழமை போகிறேன்.