டிஎஸ் 21 வாங்கலாமா, 280 எஸ்இ வாங்கலாமா? அந்த 'டிக்' சத்தம் பெரிய கோளாறா?

கேள்வி:
வணக்கம். ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கிறேன். ரைன் ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி, அதனால் இரு பக்கமும் பழைய கார் தேடினேன். கடைசியில் மிஞ்சியவை இரண்டு: 1970 சிட்ரோயன் டிஎஸ் 21, 1969 மெர்சிடிஸ் 280 எஸ்இ. விலை ஏறக்குறைய ஒன்றுதான். மனசு டிஎஸ் பக்கம். ஆனால் வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது 4 நொடிக்கு ஒரு தடவை 'டிக்' என்று சத்தம் வருகிறது, குழியில் தூக்கிப் போடுகிறது. ஸ்பிரிங்குக்குப் பதில் வண்டியைத் தாங்கும் ஹைட்ராலிக் (திரவ அழுத்த) அமைப்பு மொத்தமும் போய்விட்டதா? சத்தமே இல்லாத மெர்சிடிஸை வாங்கிவிடலாமா?

பதில் 1:
தம்பி, அந்தச் சத்தத்துக்காக டிஎஸ்ஸை விடாதீர்கள். அந்தத் திரவ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் சத்தம் அது. அதோடு சேர்ந்த, அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யுமுலேட்டர் உருண்டைக்குள் ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் திரவம், நடுவே ரப்பர் சவ்வு. வருடங்கள் போகப் போக வாயு குறையும். சேமித்து வைக்க இடமில்லாததால் பம்ப் ஓயாமல் வேலை செய்கிறது. சக்கரங்களுக்கான 4 உருண்டைகளிலும் இதே கதைதான், அதனால்தான் தூக்கிப் போடுகிறது. எல்லாமே கழற்றி மாற்றக் கூடியவை. மாற்றிய பிறகும் இரண்டு 'டிக்'குக்கு நடுவே இடைவெளி கூடவில்லை என்றால்தான் உள்ளே கசிவு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

திரவம் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வருட மாடலுக்கு எல்ஹெச்எம் என்ற பச்சை மினரல் ஆயில் மட்டும்தான். பழைய சிவப்புத் திரவத்தையோ சாதாரண பிரேக் ஆயிலையோ யாராவது ஊற்றியிருந்தால் சீல்கள் கெடும். ஸ்டீயரிங், பிரேக் எல்லாம் அதே திரவத்தில்தான்.

உண்மையான பயம் துரு. பளபளக்கும் வெளித்தகடுகள் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டியவை, அவற்றை நம்பாதீர்கள். பின் ஃபெண்டர் ஒரே போல்ட்டில் கழன்று வரும். கழற்றச் சொல்லி, உள்ளே சட்டத்தையும் டிக்கி மூலைகளையும் தட்டிப் பாருங்கள்.

பதில் 2:
280 எஸ்இ என் உயிர். அந்த 2.8 லிட்டர் ஆறு சிலிண்டரின் மென்மை டிஎஸ்ஸின் நான்கு சிலிண்டருக்கு வராது. ஆனால் சத்தம் இல்லை என்பதால் செலவு இல்லை என்று நினைக்காதீர்கள். எஞ்சினுக்குப் பெட்ரோல் பீச்சும் அதன் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் பம்பைச் சரியாக டியூன் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு, பழுது பார்க்கவும் நிறையப் பணம் ஆகும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள், சூடான எஞ்சினில் கோளாறு மறைந்துவிடலாம். ஜாக் வைக்கும் இடங்களையும் பாருங்கள். இதில் உடலும் சட்டமும் ஒன்றே, அரித்துவிட்டால் வெட்டி வெல்டிங்தான்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மெர்சிடிஸ்காரர் இரண்டு முறையும் எஞ்சினைச் சூடாக்கியே வைத்திருந்தார், விட்டுவிட்டேன். டிஎஸ்ஸில் திரவம் பச்சை, சட்டம் திடம், டிக்கி மூலையில் மட்டும் ஒரு பழைய வெல்டிங். அக்யுமுலேட்டரை விற்பவரே மாற்றித் தந்தார், இப்போது 40 நொடிக்கு ஒரு 'டிக்'. சனிக்கிழமை எடுக்கிறேன். சக்கர உருண்டைகளை நானே மாற்றலாமா?

பதில் 1:
தாராளமாக. ஆனால் முதலில் ரெகுலேட்டரில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி அழுத்தத்தை முழுதும் இறக்குங்கள். அழுத்தம் போனதும் வண்டி தானாகத் தரையோடு படுத்துவிடும். ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் கையைக்கூட விடாதீர்கள்.