புதுப்பிப்பு: உப்பைக் குறைப்பது, அளவுக் கணக்கும் இந்துப்பும்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் "ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு" பற்றி முன்பு எழுதியதற்கு வந்த கேள்விகள் இரண்டு: எப்படி அளப்பது, இந்துப்புக்கு மாறினால் போதுமா?

தினமும் அளக்க வேண்டாம். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதன்மேலேயே எழுதிவையுங்கள். நாலு பேர் வீட்டில் 1 கிலோ 50 நாளாவது வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கடைத் தீனி இந்தக் கணக்கில் வராது என்பதால் 70 நாள் வந்தால்தான் நல்லது. கல்லுப்பிலிருந்து தூளுப்புக்கு மாறும்போது பலர் சறுக்குகிறார்கள்: அதே கரண்டியில் தூள் நெருக்கமாக அமர்ந்து எடை கூடிவிடும்.

சோறு வேகும் தண்ணீர், மோர், சப்பாத்தி மாவு இவற்றில் உப்பே வேண்டாம். குழம்பில் வாரம் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் போதும். ஒரேயடியாகக் குறைத்தால் ஊறுகாய் பாட்டில் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். புளியோ எலுமிச்சையோ கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.

இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். பலவற்றில் அயோடினும் சேர்ப்பதில்லை. சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.