வேத வசனம் உங்கள் முடிவை மாற்றியதுண்டா? அன்றாட வாழ்க்கையிலிருந்து சில அனுபவங்கள்

அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். பெரிய அற்புதங்களைப் பற்றிய சாட்சிகளை நிறையக் கேட்டிருக்கிறோம். ஆனால் வாசித்த வசனம் ஒரு சாதாரண நாளில், வீடு, வேலை, பணம், கோபம் போன்ற விஷயங்களில் நம்மை எப்படித் திருப்பியது என்று அவ்வளவாகப் பேசுவதில்லை. அதைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. நானே தொடங்குகிறேன்.

நான் விரும்பாத ஓர் ஊருக்கு மாற்றல் வந்தது. பாதிப் பெட்டிகளைப் பிரிக்காமலே வைத்திருந்தோம். எப்படியும் திரும்பிப் போகப்போகிறோம், இங்கே யாரோடு பழகி என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. அந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தது எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்று வருமே, அந்த வசனம்தான். சீக்கிரமே ஊர் திரும்புவேன் என்று கர்த்தர் எனக்கே சொன்னதுபோல அதை வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்தே வாசித்தேன். அது ஒரு கடிதம். பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொல்கிறான். கேட்க நன்றாகத்தான் இருந்திருக்கும். எரேமியாவோ 70 வருஷம் என்கிறார். அப்படியானால் கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பலர் சொந்த ஊரைப் பார்க்காமலே கண்ணை மூடியிருப்பார்கள். என் பிரியமான 11ஆம் வசனம் அந்த 70 வருஷத்தைச் சொன்ன பிறகுதான் வருகிறது. அதற்கு முன்னால் இருப்பது கட்டளை: “நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.” 7ஆம் வசனம் இன்னும் கடினம். தாங்கள் சிறைப்பட்டிருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தையே தேடி, அதற்காக விண்ணப்பம் பண்ணச் சொல்கிறது.

அந்த வார இறுதியில் பெட்டிகளைப் பிரித்தோம். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, சுவரில் துளை போட்டுப் புத்தக அலமாரியை மாட்டினேன். வாடகை வீட்டுச் சுவரில் ஒருவன் துளை போடுகிறான் என்றால் அவன் தங்கத் தீர்மானித்துவிட்டான் என்று அர்த்தம். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமலே சிரித்தார். அப்புறம் ஊருக்காக ஜெபிக்க ஆரம்பித்தோம். ஜெபிக்க வேண்டுமென்றால் ஊரைத் தெரிந்திருக்க வேண்டுமே! பக்கத்து வீட்டில் யாருக்கு வேலை போயிற்று, எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நிற்கிறது என்று விசாரிக்க வேண்டியதாயிற்று. விசாரித்தபின் ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மறுபடி மாற்றலுக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்தபோது இருவரும் உட்கார்ந்து பேசினோம். இன்னும் கொஞ்ச காலம் இங்கேயே இருப்போம் என்று முடிவாயிற்று.

சரி, இனி நீங்கள் எழுதுங்கள்.

* * *

அண்ணா, நீங்கள் முழு அதிகாரத்தையும் வாசித்ததாகச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கும் அப்படி ஓர் அதிகாரம் உண்டு, லேவியராகமம் 19. பலரும் வேகமாகப் புரட்டிவிடும் புத்தகம் அது.

நான் சிறிய தையலகம் நடத்துகிறேன். சில பெண்கள் தினக்கூலிக்கு வருகிறார்கள். எங்கள் தொழிலில் வழக்கம் என்னவென்றால், துணி வாங்கியவர் பணம் தந்தால்தான் தைத்தவருக்குக் கூலி. “எனக்கே இன்னும் வரவில்லை, வந்ததும் தருகிறேன்” என்பது எல்லாரும் சொல்கிற, யாரும் தப்பாக நினைக்காத பதில்.

19:13 சொல்கிறது: “கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது.” வாடிக்கையாளர் தந்தாரா இல்லையா என்ற பேச்சே அதில் இல்லை. அதே அதிகாரத்தில், ஐந்தே வசனம் தள்ளி 18ஆம் வசனத்தில்தான், “உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக” என்று இருக்கிறது. இயேசு இரண்டாம் பிரதான கற்பனை (கட்டளை) என்று எடுத்துக் காட்டியது இதைத்தான். பிறனிடத்தில் அன்பு என்றால் என்னவென்று அந்த அதிகாரமே சொல்லிவிடுகிறது. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விடு, செவிடனை நிந்திக்காதே, குருடன் முன் தடுக்கல் வைக்காதே, கூலியை இரவு தாண்டி வைத்துக்கொள்ளாதே. அன்பை ஓர் உணர்ச்சியாக நினைத்துக்கொண்டு கணக்கு நோட்டை அதற்கு வெளியே வைக்க இந்த அதிகாரம் இடம் தராது.

உபாகமம் 24:15 என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. கூலியைப் பொழுதுபோகுமுன் கொடுக்கச் சொல்லிவிட்டு, காரணமும் சொல்கிறது: “அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்.” மாலையில் இயந்திரங்களை மூடி, நூல் கழிவைக் கூட்டிவிட்டு, கிளம்ப நேரமாகியும் கிளம்பாமல், எதையோ தேடுவதுபோல் அந்தப் பெண்கள் நிற்பார்கள் பாருங்கள், அதுதான் அந்த ஆவல். கேட்கக் கூச்சம், கேட்காமலும் போக முடியாது. கர்த்தர் அதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்.

எனவே இரண்டு முடிவு எடுத்தேன். எந்தப் பணம் வந்தாலும் முதலில் கூலிக்கு எடுத்து வைப்பது, நூல், பட்டன், வாடகை எல்லாம் அப்புறம். அடுத்தது, பெரிய ஆர்டர் என்றால் கூலி அளவுக்காவது முன்பணம் வாங்காமல் துணியில் கத்திரி வைப்பதில்லை. இதனால் ஒரு நல்ல வாடிக்கையாளர் போய்விட்டார். கர்த்தர் அதைவிடப் பெரிய ஆர்டர் கொடுத்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, வருமானம் ஏறக்குறைய முன்பு இருந்ததுபோலத்தான். ஆனால் மாலையில் யாரும் தயங்கி நிற்பதில்லை. அதற்காகவே இந்த முடிவை இன்னொரு முறையும் எடுப்பேன்.

* * *

என்னுடையது சின்ன அனுபவம். மத்தேயு 18:15. சகோதரன் நமக்கு விரோதமாகக் குற்றம் செய்தால், “நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து.” என் அண்ணனோடு சொத்து விஷயத்தில் மனத்தாங்கல் வந்தபோது அத்தை, சித்தப்பா, மைத்துனர் எல்லாரும் போன் செய்து “என்ன நடந்தது?” என்று கேட்டார்கள். கொட்டித் தீர்த்திருந்தால் மனம் கொஞ்சம் லேசாகியிருக்கும். “முதலில் அண்ணனிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்று மட்டும் எல்லாரிடமும் சொன்னேன். அண்ணனிடம் பேசினேன். விஷயம் முழுவதும் தீரவில்லை, உண்மை. ஆனால் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் விவரம் தெரியாததால், அண்ணனுக்கு இறங்கி வர இடம் இருந்தது. மூன்றாவது மனிதர் முன்னால் தோற்றதாகத் தோன்றினால் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

* * *

என் தம்பி சிறு வயதிலேயே இறந்துபோனான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அன்போடுதான் வந்தார்கள். ஆனால் அடக்கம் முடிந்த அன்றைக்கே ரோமர் 8:28ஐச் சொல்லி, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்றார்கள். அந்த வசனத்தை நான் விசுவாசிக்கிறேன், இன்றைக்கும். அன்றைக்கு அதைக் கேட்கும் திராணி என் அம்மாவுக்கு இல்லை.

எனக்கு அப்போது கைகொடுத்தது சங்கீதம் 88. “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று தொடங்குகிறது. அதற்குப் பிறகு வெளிச்சமே இல்லை. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பும். சங்கீதம் 13கூட “எதுவரைக்கும்” என்று தொடங்கிப் பாட்டில் முடியும். 88 அப்படித் திரும்புவதில்லை. சிநேகிதனும் தோழனும் விலகிப்போனார்கள் என்ற முறையீட்டோடு நின்றுவிடுகிறது. இப்படி ஒரு ஜெபத்தையும் கர்த்தர் தம் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார் என்றால், என் அம்மாவின் அழுகை அவிசுவாசம் அல்ல என்று எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு அதை மெதுவாக வாசித்துக் காட்டினேன். “இது பைபிளில் இருக்கிறதா?” என்று கேட்டு, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

அதிலிருந்து துக்க வீட்டுக்குப் போகும் விதமே மாறிவிட்டது. பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்களை நாம் குறை சொல்கிறோம். ஆனால் அவர்கள் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள்தான். விளக்கம் சொல்ல வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தரே அவர்கள்மேல் கோபம் கொள்கிறார். மரித்துப்போன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார், அதையும் நினைத்துக்கொள்வேன். இப்போது நான் கூட்டம் கலைந்த பிறகு, சில வாரம் கழித்துத்தான் அதிகமாகப் போகிறேன். பாத்திரம் கிடந்தால் கழுவுவேன். அவர்கள் பேசினால் கேட்பேன். கேட்டால் மட்டும் வசனம் வாசிப்பேன்.

* * *

பெரியவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். எனக்கு இரண்டு இடத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒன்றில் சம்பளம் நன்றாகவே அதிகம். ஜெபித்துவிட்டு வேதத்தைத் திறந்து கண்ணில் படும் வசனத்தைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதில் மட்டும் பெய்யட்டும் என்று கர்த்தரிடம் அடையாளம் கேட்டதுபோல நானும் கேட்கலாமா?

* * *

தம்பி, நல்ல கேள்வி. நியாயாதிபதிகள் 6ஐ முதலிலிருந்து வாசித்துப் பார். கிதியோன் தோலைப் போடுவது 36ஆம் வசனத்துக்குப் பிறகு. மீதியானியர் கையிலிருந்து இஸ்ரவேலை இரட்சிக்கப் “போ” என்று கர்த்தர் அவனுக்கு 14ஆம் வசனத்திலேயே சொல்லிவிட்டார். தெரியாத சித்தத்தைத் தெரிந்துகொள்ள அவன் தோலைப் போடவில்லை, தெரிந்ததைச் செய்யப் பயந்து போட்டான். கர்த்தர் பொறுமையாகப் பதில் கொடுத்தார், அது அவருடைய இரக்கம். நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை.

திறந்தவுடன் கண்ணில் படும் வசனத்தைப் பற்றியும் சொல்கிறேன். இயேசுவைச் சோதித்தபோது பிசாசும் வசனம் சொன்னான், சங்கீதம் 91. தேவதூதர்கள் ஏந்திக்கொள்வார்கள், ஆகையால் குதி என்றான். இயேசு மூன்று சோதனைக்கும் உபாகமம் 6, 8 ஆகிய இரண்டு அதிகாரங்களிலிருந்தே பதில் சொன்னார். நாற்பது வருஷம் வனாந்தரத்தில் நடந்த ஜனத்துக்கு மோசே சொன்ன பகுதி அது. நாற்பது நாள் வனாந்தரத்தில் பசியோடு இருந்தவருக்கு அது ஏற்கெனவே உள்ளத்தில் இருந்தது. அந்த நேரத்தில் தேடி எடுத்த பதில் அல்ல.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் இயந்திரங்களுக்குப் பாதுகாப்புச் சோதனை செய்யும் வேலையில் இருந்தேன். நடக்காத ஒரு சோதனை நடந்ததாக, பழைய தேதி போட்டு அறிக்கையில் கையெழுத்துக் கேட்டார்கள். மேலதிகாரி பேனாவின் மூடியைத் திறந்தே என் பக்கம் நீட்டினார். யோசிக்க அவகாசம் இல்லை, ஜெபிக்கக்கூட இல்லை. “நான் அன்றைக்குப் பார்க்கவில்லையே சார், இன்றைக்குப் போய்ப் பார்த்து இன்றைய தேதி போட்டுத் தருகிறேன்” என்று என் வாயில் வந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” என்ற மத்தேயு 5:37 நினைவுக்கு வந்தது. மலைப்பிரசங்கத்தை, மத்தேயு 5 முதல் 7 வரை, பல வருஷம் திரும்பத் திரும்ப வாசித்திருந்தேன். மண்ணுக்குள் போன தண்ணீர்போல அது எனக்குத் தெரியாமலே வேலை செய்திருந்தது. அதற்குப் பிறகு பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டது, வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பார்த்ததாகச் சொன்ன இயந்திரத்தை நம்பி யாரும் ஏறினால், அதை நான் உண்மையாகவே பார்த்திருப்பேன்.

எந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்று வேதத்தில் பெயர் போட்டிருக்காது, தம்பி. “உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால்” தேவனிடத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறது, யாக்கோபு 1:5. அநேக ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும் என்று நீதிமொழிகள் 11:14 சொல்கிறது. இரண்டையும் செய். அந்த இரண்டு இடத்திலும் வேலை செய்தவர்களைத் தேடிப் பேசு. இல்லாததை உள்ளதென்று எழுதச் சொல்வார்களா, கீழே இருப்பவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று கேள். யாக்கோபு ஐந்தே அதிகாரம்தான், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். அங்கிருந்து தொடங்கு.

* * *

நன்றி ஐயா. நேற்று இரவே யாக்கோபு முழுவதையும் வாசித்தேன். இன்ன பட்டணத்துக்குப் போவோம், வியாபாரம் செய்து சம்பாதிப்போம் என்று திட்டம் போடுகிறவர்களைப் பற்றி 4:13இல் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால்” என்று சொல்லச் சொல்கிறது. சம்பளக் கணக்கு போட்ட தாளை மடித்து வைத்துவிட்டேன்.

தையலகம் நடத்தும் அக்காவுக்கு ஒன்று. நீங்கள் சொன்ன கூலி விஷயம் 5:4இலும் வருகிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. சம்பளம் அதிகம் தருவதாகச் சொன்ன இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் பாக்கி வைக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். உண்மையா என்று தெரியாது. அங்கே வேலை பார்த்த ஒருவரின் எண் கிடைத்திருக்கிறது, முதலில் அதைத்தான் கேட்கப்போகிறேன்.