பினாங்கு: டெக்னீஷியன் வேலைக்கு எந்தச் சொற்களைப் போட்டு ஆள் தேடுகிறீர்கள்?

வணக்கம். வேலை தேடும் நம் டிப்ளோமா பிள்ளைகளின் லிங்க்ட்இன் பக்கங்களைத் திருத்திக் கொடுக்கிறோம். பலருடைய தலைப்பு வரியில் 'வேலை தேடுகிறேன்' என்று மட்டுமே இருக்கிறது. ஆள் எடுப்பவர்கள் பதவி, திறன், ஊர் போட்டுத்தான் தேடுவார்கள். இந்தப் பக்கங்கள் எப்படி அகப்படும்? தலைப்பு வரியில் 220 எழுத்துக்குறிகளுக்கு இடமுண்டு. 'டெஸ்ட் டெக்னீஷியன், பிஎல்சி, பாயான் லெப்பாஸ்' என்பது போல் எழுதச் சொல்கிறோம் (பிஎல்சி என்பது தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி). தம்மைப் பற்றி எழுதும் 'அபௌட்' பகுதி 2,600 எழுத்துக்குறிகள் வரை கொள்ளும். ஆனால் திறந்தவுடன் தெரிவது முதல் சில வரிகளே. தொழிற்பயிற்சியில் கையாண்ட கருவிகளின் பெயர் அங்கேயே வரவேண்டும். பக்கத்தில் போடும் முகப்படம் தெளிவாக இருந்தால் போதும்.

பாயான் லெப்பாஸ், கூலிம் தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கும் அண்ணன்மார், அக்காமார் தயவுசெய்து சொல்லுங்கள்: தேடல் பெட்டியில் நீங்கள் தட்டும் சொற்கள் எவை? மலாயிலா, ஆங்கிலத்திலா? அனுபவமே இல்லாதவர் பக்கத்தில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?