வாப்பாவின் ஓய்வூதியக் கோப்பு திரும்பி வந்துவிட்டது: பணிப் பதிவேட்டில் இரண்டு ஆண்டுகள் விடுபட்டிருக்கின்றன. உதவுங்கள்

கீழக்கரைப் பெண்:
என் வாப்பா ராமநாதபுரம் மாவட்டக் கடலோர நீதிமன்றங்களில் அமீனாவாக (நீதிமன்ற வாரண்டுகளைக் கொண்டுபோய் நிறைவேற்றுபவர்) வேலை பார்த்தவர். 1998 இல் நிரந்தரப் பணியில் சேர்ந்து, 2025 இல் 60 வயதில் ஓய்வு பெற்றார். ஓய்வூதியத்தை அனுமதிக்கும், சென்னையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து கோப்பு ஆட்சேபத்துடன் திரும்பியிருக்கிறது. பதிவேட்டை நானே பார்த்தேன். ஒவ்வோர் ஆண்டுக்கும் "பணி சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி ஊதா முத்திரை குத்தியிருக்கிறார்கள். 2006 ஏப்ரல் முதல் 2008 மார்ச் வரை மட்டும் கோடு போட்ட வெற்றுத் தாள். அப்போது வாப்பா ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுதலில் போனவர். பழைய நீதிமன்றம் "எங்களிடம் எதுவும் இல்லை" என்கிறது, புதியது "அங்கே கேளுங்கள்" என்கிறது. அந்த இரண்டு ஆண்டுகளை விட்டுவிட்டு ஓய்வூதியம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? மருந்துச் செலவே பெரிதாக இருக்கிறது.

தொண்டிக்காரன்:
கவலையை விடுங்கள். நீதிபதிகளின் ஓய்வூதியத்தை உச்ச நீதிமன்றம் உயர்த்திவிட்டது. நீதிமன்றத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் அது வரும்.

மண்டபம் வக்கீல்:
தம்பி, வராது. நீங்கள் சொல்வது 2025 மே மாதத் தீர்ப்பு. அது உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு மட்டும்: ஓய்வுபெற்ற தலைமை நீதிபதிக்கு ஆண்டுக்கு 15 லட்சம், மற்றவர்களுக்கு 13.5 லட்சம். கூடுதல் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அதே முழுத் தொகை என்று சொன்னதுதான் அதில் முக்கியம். கீழமை நீதிபதிகளுக்குத் தனி ஊதியக் குழு உண்டு. அமீனாவும் எழுத்தரும் மாநில அரசு ஊழியர்கள், அவர்களுக்கு 1978 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள்தான். என்னைப் போல் சட்ட உதவித் தற்காப்பு வழக்கறிஞராக (வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அரசுச் செலவில் வாதாடுபவர்) இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 2022 இல் வந்த அமைப்பு, ஒப்பந்த வேலை, மாத மதிப்பூதியம். ஒப்பந்தம் முடிந்தால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

பழைய நாஜர்:
அம்மா, ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கணக்கைப் பாருங்கள். முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டுப் பணி வேண்டும், அரையாண்டுகளாக எண்ணினால் 60. வாப்பாவுக்கு 27 ஆண்டு, அதாவது 54. கடைசி அடிப்படை ஊதியம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் பாதி 30,000. அதை 60 ஆல் வகுத்து 54 ஆல் பெருக்கினால் 27,000. இரண்டு ஆண்டை விட்டால் 50 ஆல் பெருக்க வேண்டும், 25,000 தான். மாதம் 2,000 குறைவு, அதன்மேல் வரும் அகவிலைப்படியும் போச்சு. பணிக்கொடையில் அரையாண்டுக்குக் கால் மாதச் சம்பளம் என்பதால், நான்கு அரையாண்டுக்கு ஒரு மாதச் சம்பளமும் அகவிலைப்படியும் போகும். பின்னாளில் உம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும், அதில் இந்த இரண்டு ஆண்டு பெரும்பாலும் இடிக்காது. ஆனால் வாப்பா ஏன் இழக்க வேண்டும்?

வழி இருக்கிறது. அந்த இரண்டு நிதியாண்டுகளுக்கான பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்குச் சீட்டை எடுங்கள். மாதாமாதம் பிடித்தம் போய்ச் சேர்ந்திருந்தால், சம்பளம் வாங்கியிருக்கிறார் என்று பொருள். அந்தச் சீட்டைக் கொடுத்ததே மாநிலக் கணக்காயர் அலுவலகம். அவர்கள் சீட்டையே அவர்களிடம் நீட்டுங்கள், மறுக்க நா எழாது.

ராம்நாடு கணக்கர்:
நாஜர் ஐயா சொன்னது சரி, ஆனால் அது மட்டும் போதாது. பிடித்தம் இருந்தாலும் இடையில் ஊதியமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அந்த நாட்கள் கழியும் (மருத்துவச் சான்றோடு எடுத்திருந்தால் வேறு). ஆகவே ஆண்டு ஊதிய உயர்வுப் பதிவுகளையும் விடுப்புக் கணக்கையும் பாருங்கள். உயர்வு தள்ளிப்போகாமல் அதே மாதத்தில் கிடைத்திருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஊதியப் பட்டியலின் அலுவலக நகல் கட்டு எங்காவது இருக்கும், தேடித் தரச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லுக்கு அலுவலகத்தில் காது கிடையாது.

பட்டியல் கிடைக்காவிட்டாலும், அந்தக் காலத்தில் பணி செய்தேன் என்று வாப்பா வெள்ளைத் தாளில் உறுதிமொழியுடன் எழுதிக் கொடுத்து, கையில் உள்ள ஆவணங்களை இணைக்கலாம். அலுவலகத் தலைவர் அதை ஆய்ந்து ஏற்க விதியில் இடம் உண்டு.

பழைய நாஜர்:
அமீனாவுக்கு இன்னொரு சாட்சி உண்டு, மற்றவர்களுக்குக் கிடைக்காது. ஜப்தி வாரண்டின் பின்புறம் அவர் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட அறிக்கை. நாஜர் பிரிவின் (வாரண்டுகளை அமீனாக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பிரிவு) பதிவேட்டில் எந்த வாரண்ட் எந்த அமீனாவிடம், எப்போது கொடுக்கப்பட்டது என்று இருக்கும். எங்கள் கடற்கரையில் படகு ஜப்தி என்றால் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் நடக்கும்; அந்த ஆண்டுகளில் அது ஏப்ரல் 15 முதல் மே 29 வரை. கடலுக்குப் போன படகை எங்கே போய்ப் பிடிப்பது! ஆகவே 2006, 2007 கோடைப் பக்கங்களை முதலில் புரட்டச் சொல்லுங்கள்.

தொண்டிக்காரன்:
இவ்வளவு அலைச்சலுக்கு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டால் ஒரே நாளில் முடியுமே?

மண்டபம் வக்கீல்:
ஒரே நாளில் எண் கூட விழாது. ஆவணமில்லாமல் போனால், மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். நின்ற இடத்தில்தான் நிற்பீர்கள். முதலில் மாவட்ட முதன்மை நீதிபதிக்கு எழுத்தில் மனு. கோப்பு முடியும்வரை தற்காலிக ஓய்வூதியம் கேட்டு அதே மனுவில் ஒரு பத்தி. மருந்துக்கு அது உதவும்.

கீழக்கரைப் பெண்:
எல்லோருக்கும் நன்றி. வைப்பு நிதிச் சீட்டு இரண்டு ஆண்டுக்கும் கிடைத்துவிட்டது, பிடித்தம் ஒரு மாதமும் விடவில்லை. நாஜர் பிரிவில் 2007 மே மாதப் பக்கத்தில் வாப்பாவின் கையெழுத்து இருக்கிறது. நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், தற்காலிக ஓய்வூதிய மனுவும் கொடுத்தாயிற்று. இன்னொன்று: ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை மாதாமாதம் வாங்காமல் முன்கூட்டியே மொத்தத் தொகையாகத் தொகுத்து வாங்கும் விண்ணப்பத்தை இப்போதே இணைக்க வேண்டுமா?

ராம்நாடு கணக்கர்:
இணைத்துவிடுங்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்டால் மருத்துவப் பரிசோதனை கிடையாது, தள்ளிப்போனால் உண்டு. விட்டுக்கொடுத்த பங்கு 15 ஆண்டு கழித்துத் திரும்பச் சேரும். விண்ணப்பத்தில் வாப்பாவின் பெயரும் உம்மாவின் பெயரும் ஆதாரிலும் பதிவேட்டிலும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.