புதுப்பிப்பு: தோப்புக்கு இழுத்த லேன் கேபிள், கடைசியில என்ன ஆச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்: கொழிஞ்சாம்பாறை வீட்டு ரவுட்டர்ல இருந்து தோப்பு மோட்டார் ரூம் வரைக்கும் 140 மீட்டர் கேட் 5இ (சாதாரண லேன்) கேபிள் இழுத்தும் கேமரா அடிக்கடி விட்டுப்போகுதே, ஏன்னு. கம்பியைச் சுரண்டிப் பாருங்கன்னு ஒரு அண்ணன் சொன்னார். சுரண்டினேன். மேல செம்பு நிறம், உள்ள வெள்ளை. செம்பு பூசின அலுமினியம்! முழுச் செம்புன்னு நம்பித்தான் காசு கொடுத்தேன், இன்னும் மனசு ஆறல.

நல்ல செம்பா இருந்தாலும் தப்பு என்னோடதும்தான். கேட் 5இ மாதிரி, கம்பிகளை ரெண்டு ரெண்டா முறுக்கின கேபிளுக்கு அதிகபட்சம் 100 மீட்டர்தான் கணக்கு. அலுமினியத்துக்கு மின்தடை வேற அதிகம். அதே கம்பியில கேமராவுக்குக் கரண்டும் அனுப்பினதால, தோப்புப் பக்கம் போய்ச் சேரும்போது வோல்டேஜ் இறங்கிருச்சு.

இப்ப சிங்கிள் மோட் ஃபைபர் (தூரத்துக்கு ஒளியில டேட்டா அனுப்புற கண்ணாடி இழைக் கேபிள்) போட்டாச்சு, ரெண்டு முனையிலும் ஒளியையும் லேன் சிக்னலையும் மாத்திக் கொடுக்கிற மீடியா கன்வெர்ட்டர் பெட்டி. இந்த நீளமெல்லாம் அதுக்குப் பெரிய விஷயமே இல்லை. ஃபைபர்ல கரண்ட் போகாது, அதனால கேமராவுக்கு மோட்டார் ரூம்லயே அடாப்டர். ஐப்பசி இடி மின்னல் கம்பி வழியா வீட்டுக்கு வந்துருமோன்னு பயந்து, உள்ள இரும்புக் கம்பி இல்லாத ஃபைபர் கேபிளாவே கேட்டு வாங்கினேன். இதை மட்டும் யாரும் விட்டுராதீங்க. கம்பி வச்ச கேபிளும் கடையில இருக்கு, பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கும்.

மூணு வாரமா ஒரு தடவைகூட விடல. அப்பா சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்தே தென்னைக்குத் தண்ணி பாயுறதைப் பார்க்கிறார். சுரண்டச் சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி.